ஒரு எஞ்சின், மூன்று வண்டிகள்: எதில் பொருத்துவது?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வளவில் மூன்று பழைய ஜீப் வண்டிகள் நிற்கின்றன. முதலாவது, அப்பப்பா வாங்கிய பெற்றோல் லான்ட் றோவர், சீரீஸ் 3, முன்பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடியது; 2003 இல் சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்தோம். இன்றும் ஓடுகிறது, ஆனால் பெற்றோல் குடிக்கிறது. பின்பக்கச் செசியில் (அடிச்சட்டத்தில்) இரண்டு இடங்களில் தகடு வைத்து ஒட்டியிருக்கிறோம். இரண்டாவது, அக்கராயனில் உள்ள வயலுக்குப் போய்வந்த மிற்சுபிஷி ஜீப். 4டிஆர்5 டீசல் எஞ்சின். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் இரண்டு முறை வெடித்தது, இப்போது சிலிண்டர்கள் இருக்கும் புளொக்கிலும் வெடிப்பு என்று மெக்கானிக் சொல்கிறார். ஒரு வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. மூன்றாவது, கனடாவில் இருக்கும் அண்ணாவின் லான்ட் குறூஸர் பிஜே40. காலையில் ஸ்ராட் செய்யும்போது நீலப் புகை வருகிறது, மற்றபடி ஓடும். மச்சான் ஒருவரின் நிசான் கரவான் வான் விபத்தில் சிக்கியதால் அதன் ரிடி27 டீசல் எஞ்சினைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதற்குள் அதை லான்ட் குறூஸருக்குப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அப்பாவோ, பெற்றோல் செலவைக் காட்டி லான்ட் றோவருக்குத்தான் போட வேண்டும் என்கிறார். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: ஒரு சொல்லில் விடை வேண்டுமானால், மிற்சுபிஷி என்பேன். நீங்களும் தந்தையாரும் விவாதித்துக்கொண்டிருக்கும் இரண்டு வண்டிகளையும் விட்டுவிட்டுக் கொட்டிலில் நிற்பதை நான் சுட்டுவதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு வண்டியை எஞ்சின் மாற்றத்துக்கு எடுப்பதற்கு முன் இரண்டு விடயங்களைப் பார்ப்பது என் வழக்கம். அதன் சொந்த எஞ்சின் உண்மையிலேயே மீட்க முடியாத நிலைக்குப் போய்விட்டதா என்பது ஒன்று. அந்த எஞ்சினைக் கழற்றி எடுத்த பிறகு மிஞ்சி நிற்கும் செசி, கியர்பொக்ஸ், அச்சு ஆகியவை புதிய செலவைச் சுமக்கத் தகுந்தவையா என்பது மற்றொன்று. உங்கள் லான்ட் குறூஸர் முதற் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. லான்ட் றோவர் இரண்டாவதில் விழுகிறது. இரண்டையும் தாண்டி நிற்பது மிற்சுபிஷி மட்டுமே.

லான்ட் குறூஸரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிஜே40 இல் உள்ள பி எஞ்சின் 2977 சீசீ கொள்ளளவும் ஏறத்தாழ 80 குதிரைவலுவும் உடையது. மச்சான் தருகின்ற ரிடி27 எஞ்சினோ 2663 சீசீ, 85 குதிரைவலு அளவில். ஐந்து குதிரைவலுவுக்காக, மூன்று லீற்றர் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதொன்றைப் பொருத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரவு முழுவதும் நின்ற எஞ்சின் காலையில் மட்டும் நீலப் புகை விட்டு, சூடேறியதும் தெளிந்துவிடுமாயின், பெரும்பாலும் வால்வுத் தண்டுகளின் ஒயில் சீல்கள் இறுகிப்போயிருக்கும். நின்ற நேரத்தில் கசிந்து இறங்கிய ஒயிலே அப்படி எரிகிறது. ஓடும்போதும் நீலப் புகை தொடர்ந்தால்தான் பிஸ்ரன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். முதலாவதாயின் ஒரு நாள் வேலை, இரண்டாவதாயினும் எஞ்சினை அவிழ்த்துப் புதுப்பிக்கலாம். 40 வரிசை லான்ட் குறூஸர்களின் உற்பத்தி 1984 இல் நின்றுவிட்டது. பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கத்தோடு பொருந்தும் சொந்த எஞ்சின் அந்த வண்டியின் பெறுமதியில் ஒரு பெரும் பங்கு. தவிரவும், வண்டி அண்ணாவின் பெயரில் இருக்குமானால், அவர் கையெழுத்து இல்லாமல் அதன் பதிவில் எதையும் திருத்த முடியாது. திருவிழாவுக்கு வந்து இறங்கும் ஒருவர் தன் வண்டியின் மூடியைத் திறந்து வான் எஞ்சினைக் காண நேர்வதை நீங்கள் ஓர் இன்ப அதிர்ச்சியாகக் கருதுகிறீர்கள் போலும். நான் அப்படிக் கருதவில்லை.

தந்தையாரின் வாதத்துக்கு வலு அதிகம். அவர் சொல்வது கணக்கு. ஆகவே கணக்கையே எடுத்துக்கொள்வோம். சீரீஸ் 3 வண்டியின் 2286 சீசீ பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் அளவில் கொடுக்கும். டீசல் எஞ்சின் போட்டால் அதே உடம்பில் பத்து வரை எதிர்பார்க்கலாம். கோப்பாயில் இருந்து நகரத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்குமாக மாதம் 150 கிலோமீற்றர் ஓடுகிறதென்று வைத்துக்கொண்டாலும் 25 லீற்றர் பெற்றோலுக்குப் பதிலாக 15 லீற்றர் டீசல் என்றுதான் வருகிறது. மாதம் பத்து லீற்றர் மிச்சமும், இரண்டு எரிபொருளுக்கும் இடையிலான விலை வித்தியாசமும் சேர்ந்து, எஞ்சின் மாற்றும் செலவை ஈடுசெய்ய எத்தனை வருடங்கள் எடுக்கும் என்று அன்றைய விலையை வைத்து அவரே கணித்துக்கொள்ளட்டும். 2022 எரிபொருள் வரிசைகளை நினைத்து டீசலே பாதுகாப்பு என்று அவர் நினைத்தால், அந்த வருடம் இரண்டு வரிசைகளிலும் இரவிரவாக நின்றவன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் லான்ட் றோவரை நான் மறுப்பதற்குக் காரணம் எரிபொருட் கணக்கு மட்டுமன்று. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு தகடுகள்தான் என்னை நிறுத்தின. 1948 இல் முதல் லான்ட் றோவர் வந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தபடியால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்த வழக்கமே பின்னும் தொடர்ந்தது. அதனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு லான்ட் றோவர் துருப்பிடிப்பதே இல்லை என்ற மயக்கம் உண்டாகிறது. உள்ளே இருக்கும் செசியும், கால் வைக்கும் முன்தட்டும் உருக்கு. செசியின் நீளத்தண்டுகள் உள்ளே வெறுமையான பெட்டிகள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வரும் வண்டிகளிலும் வடமராட்சிக் கிழக்கு மணலில் ஓடும் வண்டிகளிலும் உப்பும் ஈரமணலும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளித்தகட்டில் ஓட்டை தெரியும் நாளில் உள்ளே பாதித் தடிப்பு போயிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த சில வருடங்களில், இதே போன்ற 88 அங்குல வண்டியொன்றுக்கு டீசல் எஞ்சின் பொருத்திக் கொடுத்தேன். எஞ்சின் அழகாக அமர்ந்தது, வெளியே வர்ணமும் பூசினோம், உரிமையாளர் மகிழ்ச்சியோடு எடுத்துப்போனார். ஆறு மாதத்தில் வண்டி கயிறு கட்டித் திரும்பி வந்தது. இடப்பக்க எஞ்சின் மவுன்ற் ஒட்டியிருந்த இடத்தில், என் ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த செசித் தகடு கிழிந்திருந்தது. டீசல் எஞ்சினின் அதிர்வு பெற்றோல் எஞ்சினைப் போன்றதன்று. ஐட்லில் நிற்கும்போதே அது செசியைப் பிடித்து உலுக்கும். பழைய தகட்டின் நிலையைப் பாராமல் அதன்மீது புதுப் பாரத்தை ஏற்றிய குற்றம் முழுவதும் என்னுடையது. அந்த வேலையை இரண்டாம் முறை என் செலவில் செய்தேன்.

ஆகவே லான்ட் றோவரை இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அதற்கு வேண்டியது செசி வேலை. வண்டியைக் கட்டை வைத்து உயர்த்தி, ஒரு சிறிய சுத்தியலால் செசியை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், அரித்த இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல மங்கும். மங்கிய இடங்களில் சோக்கால் வட்டமிடுங்கள். பின் குறுக்குத்தண்டு, பின் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பக்கக் கைகள் ஆகியவற்றில் வட்டங்கள் கூடுதலாக விழும் என்று எதிர்பார்க்கிறேன். பின் குறுக்குத்தண்டு மட்டும் என்றால் அதை முழுதாக மாற்றலாம். நீளத்தண்டிலும் வட்டங்கள் விழுந்தால் மேலும் தகடு வைத்து ஒட்டுவதை நிறுத்திவிட்டு, உடம்பைக் கழற்றிச் செய்ய வேண்டிய பெரிய வேலையாக அதை எடுக்க வேண்டும். எஞ்சினைப் பொறுத்தவரை, தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதன் கேடு ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து சுவர்களையும் பெயரிங்குகளையும் தேய்த்ததுதான். 2003 இல் ரீபோர் செய்தபோது கிராங் பெயரிங்குகளையும் மாற்றியிருப்பீர்களாயின் அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. கார்புரேற்றரைப் பிரித்துக் கழுவி, ரைமிங்கைச் சரிபார்த்தாலே அது குடிக்கும் பெற்றோல் கொஞ்சம் குறையும். அந்த எஞ்சின் இன்னும் நெடுங்காலம் ஓடக்கூடியது.

இனி மிற்சுபிஷி. வில்லிஸ் நிறுவனத்தின் அனுமதியோடு 1953 இல் தொடங்கி 1998 வரை ஜப்பானில் செய்யப்பட்ட வண்டி அது. 4டிஆர்5 நல்ல எஞ்சின். 2659 சீசீ, 80 குதிரைவலு. இங்கேதான் மச்சானின் எஞ்சின் அதிசயமாகப் பொருந்துகிறது: ரிடி27 உடன் ஒப்பிட்டால் கொள்ளளவு நாலு சீசீ வித்தியாசம், முறுக்குவிசையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எஞ்சின் மாற்றுவோர் பலர் கூடுதல் வலுவைத் தேடி, ரேர்போ (turbo) எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, மூன்றாம் மாதத்தில் கியர் பற்களையும் அச்சுத்தண்டையும் உடைத்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் ஜீப்பின் கிளச்சில் இருந்து பின் அச்சு வரைக்கும் எந்த முறுக்குக்காகச் செய்யப்பட்டதோ அதே முறுக்குத்தான் இனியும் அதன் வழியே போகும். மாரியில் அக்கராயன் சேற்றில் நெல்மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியை இழுப்பதற்கு வேண்டியது குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை. இரண்டு எஞ்சின்களும் அதை 2200 சுற்று அளவிலேயே கொடுப்பவை. ரிடி27 இல் ரைமிங் பெல்ற் கிடையாது, கியர்களால் ஓடுவது. வயல் நடுவில் பெல்ற் அறுந்து வால்வு வளையும் பயம் இல்லை. வான்களில் இந்த எஞ்சின் பரவலாக ஓடியதால் உதிரிப்பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகாமலே சமாளிக்கக்கூடிய நாட்களும் உண்டு.

எனினும் புளொக் வெடித்துவிட்டது என்ற தீர்ப்பை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெடிப்பு வெளிச்சுவரில் தண்ணீர்ப் பகுதியில் என்றால் அதைத் தைத்து அடைக்கும் முறை இருக்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம். அதோடு, பழைய மிற்சுபிஷி கன்ரர் லொறிகளிலும் இந்த 4டிஆர்5 ஓடியிருக்கிறது. நல்ல கிராங்கோடு அப்படியொன்று உங்கள் கைக்கு எட்டினால், மச்சானின் எஞ்சினைவிட அதையே வாங்கச் சொல்வேன். போல்ற் துளை முதல் பிறேக் குழாய் வரை எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இப்போது அகப்படுகின்றவற்றில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலவே களைத்தவை.

வேறொன்றைச் சொல்லாமல் எஞ்சின் மாற்றத்துக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஹெட் இருமுறை வெடித்தால் அது ஹெட்டின் குற்றம் ஆகாது. நீங்கள் இருப்பது கோப்பாய். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்; கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாக ஒட்டுவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே நீரை றேடியேற்றருக்கு ஊற்றும்போது அதே படை எஞ்சினுக்குள்ளும், றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் கட்டுகிறது. சுண்ணாம்புப் படை சூட்டைக் கடத்தாது. வெப்பமானி ஊசி நடுவில் நிற்க, எக்ஸோஸ்ற் வால்வுகளுக்கு இடையிலுள்ள இரும்பு தனியே கொதித்து, ஆறி, கொதித்து, கடைசியில் மயிர்க்கோடாகப் பிளக்கிறது. அதே றேடியேற்றரைத் துப்புரவாக்காமல் புதிய எஞ்சினோடு பூட்டினால் இன்னும் இரண்டு வருடத்தில் இதே கேள்வியை ரிடி27 பற்றி எழுதுவீர்கள். றேடியேற்றரின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் கழற்றிக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுத் துப்புரவாக்க வேண்டும். முடியாத நிலையென்றால் நடுப்பகுதியை மாற்ற வேண்டும். பிறகு கிணற்று நீர் ஒரு கோப்பைகூட அதற்குள் போகக் கூடாது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ற்றும் கலந்து விடுங்கள். குளிரே இல்லாத ஊரில் கூலன்ற் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்துகிறது. இறுக்கமான மூடியும் வேண்டும். அழுத்தம் ஒரு பார் கூடும்போது வெறும் நீரே 100 பாகைக்குப் பதிலாக 120 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் றப்பர் வெடித்திருப்பதைக் கவனியாமல் எஞ்சினைக் குறை கூறியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். வானின் கியர்பொக்ஸையும் சேர்த்து வாங்கிவிட்டால் இலகு என்று யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம். வானின் கியர்பொக்ஸ் பின்சில்லுகளை மட்டுமே ஓட்டும். ஜீப்பின் முன் அச்சுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ரான்ஸ்ஃபர் பெட்டி ஜீப்பின் சொந்தக் கியர்பொக்ஸோடு பூட்டப்பட்டது. அந்தக் கியர்பொக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கும் அதற்கும் இடையில் தடித்த இணைப்புத் தகடு ஒன்று செய்ய வேண்டும். லேத் பட்டறையில் அதைக் கடையும்போது, போல்ற் துளைகள் பொருந்துவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கிராங்கின் மையமும் கியர்பொக்ஸின் முன் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஊசி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றைத் தாண்டி ஆடக் கூடாது. தாண்டினால் முதலில் கிளச் உதறும், பிறகு முன் பெயரிங் சத்தம் போடும், கடைசியில் கியர் தானாகக் கழரும். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்ப், முன் அச்சின் டிஃபரன்சலோடு முட்டுகிறதா என்பதை வண்டி வெறுமையாக நிற்கும்போது பார்த்தால் போதாது; முன் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று அளக்க வேண்டும். வானில் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் குழாய்களின் போக்கும் வேறு. எக்ஸோஸ்ற், ஸ்ரியறிங் பெட்டியை உரசாமல் இறங்குமா என்பதைத் தகடு கடைய முன்பே ஒருமுறை எஞ்சினைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மின்சாரம் இன்னொரு சிக்கல். இந்த ஜீப்புகளில் 24 வோல்ற்றில் ஓடுபவையும் உண்டு. பற்றரி இரண்டு இருந்தால் அவை எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வானின் ஸ்ராட்டரும் ஒல்ரனேற்றரும் 12 வோல்ற். முழு வண்டியையும் 12 க்கு மாற்றினால் விளக்கு, வைப்பர் மோட்டார், ஹோர்ன் எல்லாம் மாற வேண்டும். பாதி 24, பாதி 12 என்று வைத்துக்கொண்டு ஒப்பேற்றும் வேலை வேண்டாம்.

பதிவு விடயத்தை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது. சான்றிதழில் எஞ்சின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வேறொன்றைப் பொருத்தினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். விபத்தில் சிக்கிய வானின் பதிவு ஆவணப் பிரதியும், எஞ்சினை விற்றதாக மச்சான் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் உங்களிடம் இருக்கட்டும். உறவுக்காரரிடம் கடிதம் கேட்பது சங்கடம்தான். வீதிச் சோதனையில், இலக்கம் பொருந்தாத எஞ்சினோடு நிற்பது அதைவிடச் சங்கடம். மிற்சுபிஷியில் எரிபொருள் டீசலாகவே இருப்பதால் திருத்தம் ஒன்றோடு முடியும். லான்ட் றோவராயின் எரிபொருள் வகையையும் சேர்த்து மாற்றவேண்டி வந்திருக்கும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனையும் இருக்கிறபடியால் இன்ஜெக்ரர் நான்கையும் பம்பையும் எஞ்சின் கீழே இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். மேலே ஏற்றிய பின் அதே வேலை இரட்டிப்பு நேரம் எடுக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். நான் செய்த எஞ்சின் மாற்றங்களில் எஞ்சினின் விலை மொத்தச் செலவில் பாதியைத் தொட்டதாக ஒன்றுகூட நினைவில் இல்லை. மச்சான் சொல்லும் தொகையைப் போல இன்னும் ஒன்றரை மடங்காவது தனியே ஒதுக்கி வைத்த பிறகு ஜீப்பைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுங்கள். இல்லையேல் அது எஞ்சின் இல்லாத ஜீப்பாகவும், எஞ்சின் ஒரு சாக்கின்மேல் ஒயில் ஒழுகிக்கொண்டும் இரண்டு தனித்தனிப் பொருட்களாகவே வளவில் கிடக்கும். நல்லூர்த் திருவிழாவை எல்லையாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அண்ணாவின் வண்டிக்கு அதற்குள் வால்வு சீல்களை மாற்றிவிடலாம். மிற்சுபிஷிக்கு எல்லை, பெரும்போக நெல்லை ஏற்றும் நாள்.

மச்சானுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன், எஞ்சின் இன்னும் வானில் இருக்கும்போதே ஒரு விடியற்காலையில் போய், அது முதல்நாள் இரவில் இருந்து நின்றதா என்று மூடியில் கைவைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, நீங்களே ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். விபத்தில் றேடியேற்றர் உடைந்திருந்தால் அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். அந்த அரை நிமிடமே போதும். உடனே பிடித்து, வெள்ளைப் புகை சில நொடிகளில் மறைந்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது ஆவி மெல்லியதாக வந்தால் நல்லது. மூடி துள்ளும் அளவுக்கு ஊதினால் உள்ளே தேய்வு அதிகம். பிறகு கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அமுக்கம், பாருங்கள்: நல்ல நிலையிலுள்ள இந்த வகை டீசல் எஞ்சின் 400 பிஎஸ்ஐ அளவில் காட்டும், நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பது அந்த எண்ணைவிட முக்கியம். ஒன்று மட்டும் தனியே இறங்கி நின்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று மச்சான் சொன்னாலும் வாங்காமல் வாருங்கள்.